ஒரு மூக்குக்கு நடந்த வாக்கெடுப்பு

பால்வண்டி ஓட்டுகிறவர் பொய் சொல்லமாட்டார். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவதைக் கேட்டு அவரைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். வண்டி குலுங்கி ஒரு பாக்கெட் கிழிந்தால்கூட, கடைக்காரர் பார்க்கிறதற்கு முன்னால் தானே எடுத்துக் காட்டி, தப்பு தன்னுடையது என்று சொல்கிற மனுஷன். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கல்யாணமான நாளிலிருந்து ஒற்றைக்காலில் நின்றார். தனக்குக் குறட்டை வராது என்றார்.

வரும். எப்படி வரும் என்றால், முதலில் அடுப்பில் தண்ணீர் கொதிக்க ஆரம்பிக்கிற மாதிரி சின்னதாக வரும். பிறகு யாரோ இரும்புக் கட்டிலை இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிற மாதிரி வரும். உச்சிப்படிக்குப் போனதும் சட்டென்று நின்றுவிடும். கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டாரோ என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரும்போது, விசில் மாதிரி ஒன்று வெளியே வந்து, மறுபடியும் தண்ணீர் கொதிக்கும்.

இதைப் பல வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்டவள் அவர் மனைவி. பழைய உடுப்பைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கிறவள். இளைத்துப்போனவர்கள், பருத்துப்போனவர்கள், கால்சட்டையை நீளமாக வாங்கிவிட்டு முழிக்கிறவர்கள், எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். வீட்டில் சமையலறை போக இரண்டு அறை. முன்னறையில் தையல் மெஷின், பின்னறையில் கட்டில். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள், தலைக்குமேல் தலையணை வைத்துப் பார்த்தாள், அவரைப் புரட்டிப் போட்டும் பார்த்தாள். ஒருநாள் தன் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்குப் போய், யாரும் வாங்க வராத கால்சட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் விரித்துக்கொண்டாள்.

சண்டை ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிட்டார்கள், சேர்ந்துதான் தேநீர் குடித்தார்கள். தூங்குகிற இடம் மட்டும் வேறாகிவிட்டது. அதில் அவருக்கு எவ்வளவு வருத்தம் என்று வெளியே தெரியாது. ஆனால் அவள் விட்டுப்போன பாதிக் கட்டிலில் அவர் ஒருநாளும் காலை நீட்டவில்லை. தன் பாதியிலேயே ஒடுங்கிக்கொண்டு படுப்பார்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "குறட்டை வருதுன்னு ஒரே ஒரு தடவை ஒத்துக்கோங்க. டாக்டர்கிட்ட போவோம். நான் என் இடத்துக்கு வந்துடறேன்."

"வராத ஒண்ணுக்கு எதுக்கு டாக்டர்? நேத்துகூடத் தூங்கிக்கிட்டே கவனிச்சுப் பாத்தேன். ஒரு சத்தமும் இல்ல."

தூங்கிக்கொண்டே கவனித்த மனுஷனிடம் என்ன பேசுவது? விடிவதற்கு முன்னாலேயே பால்வண்டியை எடுக்கிறவர் என்பதால், மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு பெருந்தூக்கம் போடுவார். அந்தத் தூக்கத்தில் அவள் பொத்தான் டப்பாமேல் போனைச் சாய்த்துவைத்து, ஆரம்பம் முதல் முடிவுவரை பதிவு செய்தாள். எழுந்ததும் போட்டுக் காட்டினாள். அவர் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார். பிறகு, லாரி என்றார். தெருவில் ஏதோ லாரி பின்பக்கமாக வந்திருக்கிறது, ஓட்டுகிறவனுக்கு கியர் சரியாகப் போடத் தெரியவில்லை என்றார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அவள் தம்பி வந்தான். போன் விற்கிற கடை வைத்திருக்கிறவன், எதற்கெடுத்தாலும் நாலு பேரிடம் கேட்டுவிடலாம் என்கிற ஆள். பதிவைத் தன் போனுக்கு மாற்றிக்கொண்டு, குறட்டையா லாரியா என்று ஊரே சொல்லட்டும் என்று வீடியோவாகப் போட்டுவிட்டான்.

ஊர் வந்தது. ஆனால் பதில் சொல்லவில்லை. லாரியா என்று கண்டுபிடிப்பதற்குள் தூங்கிவிட்டேன், நாளைக்கு வந்து சொல்கிறேன் என்று ஒருவர் எழுதினார். மாத்திரை போட்டும் தூங்காத என் மாமியார் இதைக் கேட்டுத் தூங்கிவிட்டார், உங்கள் குடும்பம் நன்றாக இருக்கட்டும் என்று ஒரு பெண் எழுதினாள். கட்டிய மனைவியை விரட்டிய அதே சத்தம் ஊராரைத் தாலாட்டியது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டு சுவர் தள்ளிப் பெய்கிற மழை மாதிரியோ என்னவோ.

இந்த இடத்தில்தான் கரண்டிக் காயின் உள்ளே வருகிறது.

காயின் என்றுதான் பெயர். உண்டியலில் போட்டால் சத்தம் கேட்காது, ஏனென்றால் போடவே முடியாது. போனுக்குள் பிறந்து போனுக்குள்ளேயே கிடக்கிற காசு அது. நிறைய பேர் அதைப் பெரிய காசு என்று நம்பினால் விலை ஏறும், நம்பாவிட்டால் இறங்கும். யார் எத்தனை தடவை விளக்கினாலும் அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. ஆகவே அதை நடத்துகிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் நம்புகிற ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் சமூகம். ஏன் கரண்டி என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. படம் வரைகிறவன் அன்றைக்குக் கரண்டிதான் வரைந்தான் போலிருக்கிறது.

சமூகம் வளர அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். வீடியோ போடுகிறவர்கள் தங்கள் வீடியோவின் ஓரத்தில் கரண்டிப் படத்தை வைக்க வேண்டும். பார்க்க வருகிறவர் கொஞ்ச நேரம் தங்கினால் அவரும் சமூகத்தில் ஆள், அவர் கணக்கில் கொஞ்சம் காயின் இலவசமாக விழும். வீடியோ போட்டவருக்குப் பெரிய பரிசு. எவ்வளவு பரிசு என்பதை ஒரு மெஷின் முடிவு செய்யும். வந்தவர் எவ்வளவு நேரம் போகாமல் இருந்தார் என்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே அளவு. ஆடுகிறவர்கள், பாடுகிறவர்கள், நான்தான் பணக்காரன் ஆனேன் என்று கத்துகிறவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். ஜனங்கள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடுவார்கள். தம்பிக்காரனும் அதில் சேர்ந்து போன் உறையைப் பற்றி ஒரு வீடியோ போட்டிருந்தான். அவன் அம்மாகூட முழுசாகப் பார்க்கவில்லை.

இப்போது அத்தான் குறட்டையின் ஓரத்தில் ஒரு கரண்டியை ஒட்டினான். பார்க்க வந்தவர்கள் போகவே இல்லை. எப்படிப் போவார்கள், தூங்குகிறார்களே. அது மெஷினுக்குத் தெரியுமா? எல்லாரையும் தள்ளிவிட்டு நம் பால்வண்டிக்காரரைப் பட்டியலின் உச்சியில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

மறு வாரமே ஒரு பெண் வீடு தேடி வந்தாள். சமூக வளர்ச்சி அதிகாரி என்று சொன்னாள். கரண்டி போட்ட தொப்பி, கரண்டி போட்ட பை. நாற்காலி இல்லாததால் கால்சட்டைக் குவியல்மேல் உட்கார்ந்து, பால்வண்டிக்காரரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், மத்தவங்க ஆளுங்க காலையில சேருவாங்க, மத்தியானம் வித்துட்டுப் போயிடுவாங்க. உங்க ஆளுங்கள்ல ஒருத்தர்கூட விக்கல. இப்படி ஒரு நம்பிக்கைய நாங்க பாத்ததே இல்ல."

"அவங்க தூங்கறாங்கம்மா," என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

"அசையாம இருக்காங்க பாருங்க. அதுதான்க்கா நம்பிக்கை."

தினமும் மத்தியானத் தூக்கத்தை நேரலையாகக் காட்ட வேண்டும், அதற்கு ஓர் ஒப்பந்தம். கையெழுத்துப் போடப் போனவர் குறட்டை என்ற சொல்லைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டார். அந்தப் பெண் பதறவில்லை. அந்தச் சொல்லை அடித்துவிட்டு, ஆழ்ந்த மூச்சுக் கலை என்று எழுதிக் கொடுத்தாள். அவரும் கையெழுத்துப் போட்டார்.

"அப்ப வருதுன்னு ஒத்துக்கிட்டீங்க," என்றாள் மனைவி.

"மூச்சு எல்லாருக்கும்தான் வருது," என்றார் அவர்.

இத்தனை வருஷம் தான் கேட்டபோது ஒற்றைக்காலில் நின்றவர், தொப்பி போட்ட ஒரு பெண் வந்ததும் இரண்டு காலையும் ஊன்றிவிட்டாரே என்று அவளுக்கு இருந்தது.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. கட்டிலுக்குமேல் ஒரு மைக் தொங்கியது. தலையணை உறையில் கரண்டி, போர்வையில் கரண்டி. தம்பிக்காரன் கடையை வேறொருவரிடம் விட்டுவிட்டு இங்கேயே குடியிருந்தான். மத்தியானத்தில் தையல் மெஷின் ஓடினால் மூச்சின் சுத்தம் கெடுகிறது என்று எங்கிருந்தோ புகார் வந்ததாம், மெஷினைச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போனான். பின்னறையை விட்டு முன்னறைக்கு வந்தவள் இப்போது அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவில் உட்கார்ந்து தைத்தாள். உடுப்பு வாங்க வந்தவர்கள் தங்கள் சட்டையில் தாளித்த வாசனை வருகிறது என்றார்கள். பரிசுக் காயின் என்னவோ நாள்தோறும் வந்து குவிந்தது. போனைத் திறந்தால் கரண்டி கரண்டியாகத் தெரியும். சமூகம் முழுசாக வளரும்வரை பரிசுக் காயினை மட்டும் விற்க முடியாது என்று ஒரு பூட்டும் கூடவே தெரியும்.

இதையெல்லாம் பால்வண்டிக்காரர் பொறுத்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். மரியாதை யாருக்குக் கசக்கும்? கடைகளில் பால் இறக்கும்போது, அண்ணே உங்க புண்ணியத்தில் நேற்று நன்றாகத் தூங்கினேன் என்று கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒருநாள் தூங்கி எழுந்து பக்கத்தில் பார்த்தார். கேமராவைக் கிட்டத்தில் வைத்தால் மூக்கு நன்றாகத் தெரியும் என்று, தம்பிக்காரன் அவள் விட்டுப்போன பாதிக் கட்டிலில் கேமரா நிற்கிற தாங்கியை விரித்து வைத்திருந்தான். இத்தனை நாள் அவர் தன் ஒரு காலைக்கூட நீட்டாத இடத்தில், அது மூன்று காலையும் அகட்டி நின்றுகொண்டிருந்தது.

எழுந்து சமையலறைக்குப் போனார். அவள் ஒரு கால்சட்டையின் விளிம்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் குறட்டை வருது," என்றார்.

அவள் நிமிரவில்லை. பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "நாளைக்கே டாக்டரப் பாத்துடலாம்," என்றாள்.

டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்து, இதற்கா இத்தனை வருஷம் என்று கேட்டார். அளவெடுத்து ஒரு பல் கவசம் செய்து கொடுத்தார். படுக்கும்போது மாட்டிக்கொண்டால் கீழ்த்தாடை பின்னால் சரியாது, மூச்சு தடையில்லாமல் போகும், சத்தம் நின்றுவிடும். அவ்வளவுதான் வைத்தியம்.

சேதி தெரிந்ததும் தம்பிக்காரன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "அத்தான், அந்த மூக்கு இப்ப உங்க சொந்தச் சொத்து இல்ல. சமூகத்துக்குச் சொந்தம்," என்றான். அவர் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சொந்தம் விட்டுப்போன மாதிரி ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அதிகாரிப் பெண் வந்து அதையேதான் சொன்னாள். ஒப்பந்தப்படி மூச்சுக் கலையில் எந்த மாற்றம் செய்தாலும் சமூகம் ஓட்டுப் போட்டுச் சம்மதிக்க வேண்டும். ஆளுக்கு ஓர் ஓட்டு கிடையாது, காயினுக்கு ஓர் ஓட்டு. அதிகம் வைத்திருப்பவருக்கு அதிக ஓட்டு. எல்லாரையும்விட அதிகமாக வைத்திருந்தது பால்வண்டிக்காரர்தான். ஆனால் தன் மூக்குக்குத் தானே ஓட்டுப் போடக் கூடாது என்று அதற்கும் ஒரு விதி இருந்தது.

சொன்ன சொல் மீறத் தெரியாத மனுஷன். கையெழுத்துப் போட்டாயிற்று, ஓட்டு முடியட்டும் என்றார். பல் கவசம் டப்பாவோடு சமையலறை அலமாரியில், உப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

ஓட்டு முடிந்தால்தானே. ஓட்டுப் போடுகிறவர்கள் வருவதே மத்தியானம் குறட்டை ஆரம்பித்த பிறகு. வந்ததும் தூங்கிவிடுகிறார்கள். அதிகாரிப் பெண் நேரலையின் நடுவில் அறிவிப்பை வாசித்துப் பார்த்தாள். அவளுக்கே கண் சொருகிக் கேமராமேல் சாய்ந்துவிட்டாள். மறுநாள் மணி அடித்துப் பார்த்தாள். தூக்கத்தைக் கெடுப்பது யார் என்று வசை வந்து குவிந்தது. ஓர் ஓட்டுகூட விழாத வாக்கெடுப்பை மூட முடியாது என்பதால், கெடு முடிந்த பிறகும் அது பாட்டுக்குத் திறந்தே கிடந்தது. தம்பிக்காரனும் தன் பங்குக்கு வேண்டாம் என்று ஓட்டுப் போடத்தான் தினமும் உட்கார்ந்தான். அத்தான் மூச்சு மாடிப்படி ஏறுவதற்குள் அவன் வாய் பிளந்துவிடும்.

நாள் இப்படியே போனது. ஒருநாள் சாப்பாடு பரிமாறும்போது அவள் சொன்னாள், கோபமாகக்கூட இல்லை. "முன்ன பின்ன தெரியாதவங்களுக்கெல்லாம் உங்க மூக்குமேல ஓட்டு இருக்கு. பக்கத்துல படுக்க வேண்டிய எனக்கு ஒரு ஓட்டு இல்ல."

பால்வண்டிக்காரர் வேகமாக யோசிக்கிற ஆள் இல்லை, ஆனால் யோசிக்க ஆரம்பித்தால் பாதியில் விடமாட்டார். கையைக் கழுவிவிட்டு அதிகாரிப் பெண்ணுக்குப் போன் போட்டார். காயினை விற்கத்தானே முடியாது, சும்மா கொடுத்தால்? கொடுக்கலாம், ஆனால் வாங்குகிறவர் சமூகத்தில் ஆளாக இருக்க வேண்டும் என்றாள் அவள். யாராவது காயினைச் சும்மா கொடுப்பார்களா என்று சிரித்துவிட்டு, எதற்குக் கேட்கிறார் என்றுகூடக் கேட்காமல் வைத்துவிட்டாள்.

சமூகத்தில் சேர வேண்டுமானால் வீடியோவைப் பார்க்க வேண்டும். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒரு மத்தியானத் தூக்கத்தின் பதிவை ஆரம்பம் முதல் முடிவுவரை பார்த்தாள். உலகத்திலேயே அதை விழித்திருந்து முழுசாகப் பார்த்த ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும். எத்தனையோ வருஷம் அவளைத் தூங்கவிடாத சத்தம், இன்றைக்கு மட்டும் தூங்க வைத்துவிடுமா? நடுவில் அந்த மூச்சு நிற்கிற இடம் வந்தபோது பழக்கதோஷத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார்.

"இங்கதான் இருக்கேன்," என்றார்.

பிறகு குவிந்து கிடந்த அத்தனை கரண்டியையும் அவள் கணக்குக்குத் தள்ளிவிட்டார். எங்கே அழுத்துவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. தேடிப் பிடித்து அவள் விரலாலேயே அழுத்தினாள். மூக்குக்கு வைத்தியம் செய்யலாமா? செய்யலாம். வாக்கெடுப்பு அந்த இடத்திலேயே மூடிக்கொண்டது.

அதிகாரிப் பெண் பதைபதைத்துப் போன் போட்டாள். "அக்கா, மொத்தமே ஒரே ஒரு ஆள்தான் ஓட்டுப் போட்டிருக்காங்க."

"ஆளுக்கு ஓட்டு இல்ல, காசுக்குத்தான் ஓட்டுன்னு நீதானேம்மா சொன்னே."

அந்தப் பெண்ணும் விடவில்லை. சரி, நேரலையை மட்டும் நிறுத்த வேண்டாம், கவசத்தை மாட்டிக்கொண்டே தூங்கட்டும், சமூகம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டாவது இருக்கட்டும் என்று கெஞ்சினாள். போனால் போகிறது என்று அவரும் சம்மதித்தார். அன்றைக்கு மத்தியானம் வழக்கம்போல எல்லாரும் தலையணையோடு வந்தார்கள். முதல் நாள் பதிவைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, எல்லாரும் அயர்ந்ததும் நேரலைக்கு மாற்றினான் தம்பிக்காரன்.

சத்தம் நின்றது.

எல்லாரும் விழித்துக்கொண்டார்கள். மின்விசிறி நின்றால் தூங்குகிற குழந்தை எழுந்துகொள்ளுமே, அது மாதிரி ஊர் ஊராக, ஆபீஸ் நாற்காலியிலும் பஸ்ஸிலும் கடைக் கல்லாவிலும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் எழுந்து உட்கார்ந்தார்கள். கையில் போன். போனில் கரண்டி. இது என்ன கரண்டி, இது எப்போது நம்மிடம் வந்தது, இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முதல் தடவையாக யோசித்தார்கள். வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கம்பி நீட்டினார்கள். கட்டிலில் அவர் ஒரு குழந்தை மாதிரி சத்தமில்லாமல் தூங்கி முடிப்பதற்குள், கரண்டிக் காயின் தரையைத் தொட்டுவிட்டது.

தம்பிக்காரன் சமையலறைக்கு ஓடிவந்தான். "அக்கா, எல்லாம் போச்சு. உலகத்துலயே இப்ப ஜாஸ்தி கரண்டிக் காயின் வச்சிருக்கறது நீதான். ஒண்ணுக்கும் ஆகாது."

"டேய், அந்த மூணு கால் சனியன மொதல்ல கட்டில்லேருந்து எடு," என்றாள் அவள்.

எடுத்தான். மைக்கையும் கழற்றினான், அழுதுகொண்டேதான். தையல் மெஷினை முன்னறைக்குத் தூக்கி வந்ததும் அவன்தான். இரண்டு நாளில் கடைக்குத் திரும்பிவிட்டான். அவள் மெத்தையைச் சுருட்டிப் பின்னறைக்குக் கொண்டுபோய்த் தன் பாதியில் விரித்து, ஓரங்களை இழுத்துச் சரிசெய்தாள். அவர் வாயில் கவசத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ சொன்னார். கவசத்தால் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. அவள் சரி சரி என்றாள்.

மறுநாள் மத்தியானம் அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அதிகாரிப் பெண்தான். வேறொரு காயினில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம். அதற்குக் குடைப் படமாம். சாரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றாள்.

"அவர் தூங்கறார்மா."

"பொய் சொல்லாதீங்கக்கா. சத்தமே கேக்கலையே."

"அதத்தாம்மா நானும் சொல்றேன்," என்று சொல்லிப் போனை அணைத்தாள்.

மெஷினில் ஒரு கால்சட்டை பாதி மடித்தபடி நின்றது. அதன் சொந்தக்காரர் சாயங்காலம் வருவார். வரட்டும் என்று ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். கல்யாணமானதிலிருந்து ஒருநாளும் மத்தியானத்தில் படுக்காதவள், பின்னறைக்குப் போய், அவர் பக்கத்தில் தன் இடத்தில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள்.